எல்லாக் காதுகேளாதோரும் காதுகேளாதோர் அல்லர்: சொல் ஒன்று வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.
சிறப்புக் கல்விப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கள் காலை கோப்பு போயாக வேண்டும். மூன்றாம் இயலில் மாட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தில், காது கேட்காத நிலையைச் சின்ன எழுத்தில் தொடங்கும் ‘டெஃப்’ (deaf) குறிக்கிறது. சைகை மொழியைத் தம் மொழியாகக் கொண்ட சமூகத்தவருக்குப் பெரிய எழுத்து (Deaf). 1972-இல் மொழியியலாளர் உட்வர்ட் தொடங்கிவைத்த வழக்கம். நமக்கோ பெரிய எழுத்தே கிடையாது. இரண்டுக்கும் ‘காதுகேளாதோர்’ போட்டால் தலைப்பில் உள்ள வாக்கியம்தான் வருகிறது. மெய்ப்புத் திருத்துபவர் சிரிப்பார்.
– கு.

தம்பி கு.,
‘கேளார்’ என்று வையுங்கள். மூன்றெழுத்து, தூய தமிழ், எதிர்மறை வினையாலணையும் பெயர். இதற்கு மேல் என்ன வேண்டும்?
– புலவர்

ஐயா, குறள் 643-இல் வரும் ‘கேளாரும்’ என்பதைப் பரிமேலழகர் பகைவர் பக்கம் தள்ளுகிறாரே. பாடநூலில் ஒரு சமூகத்தையே பகைவராக்க வேண்டாம்.
– செ.

செ. அவர்களுக்கு: அங்கேதான் சுவை இருக்கிறது. கேள் என்றால் உறவு. யாவரும் கேளிர். ஒருவன் சொல்லுக்குச் செவி கொடுப்பவன் கேளன். கேளிர் சேர்ந்தால் கிளை. கிளைத்தல், கிளத்தல், கிளவி எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. கேட்டல் முந்தியதா கேண்மை முந்தியதா என்பதில் எனக்கும் என் ஆசிரியருக்கும் கடைசிவரை வழக்கு தீரவில்லை. விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.
– புலவர்

எங்கள் பக்கம், யாழ்ப்பாணத்தில், ‘செவிப்புலனற்றோர்’ என்றே பழக்கம். ஆனால் அதிலும் ‘அற்றோர்’ வந்துவிடுகிறது. எந்தச் சொல்லை எடுத்தாலும் காதில்தான் போய் முட்டுகிறோம். கையிலிருந்து தொடங்கினால் என்ன? ‘கையர்’?
– ம.

‘கையர்’ பழைய நூல்களில் கீழ்மக்கள், வஞ்சகர். வேண்டாம். ‘சைகையர்’ ஆகலாம்.
– செ.

சைகை வடமொழி ‘சஞ்ஞை’யின் திரிபு. தமிழ்ச்சொல் ஆகாது.
– புலவர்

செய்கைதான் ஐயா சைகை ஆயிற்று. விடுங்கள், திங்கட்கிழமை வருகிறது.
– செ.

வணக்கம். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. மாற்றுத்திறனாளிகள் சட்டம் காதுகேளாமையை இரு காதிலும் 70 டெசிபல் இழப்பு என்று அளக்கிறது. என் டெசிபலைக் கேட்டுவிட்டு யாரும் என்னோடு பழகியதில்லை. எங்கள் கூட்டத்தில் ஒருவரைக் கூப்பிட மேசையைத் தட்டுவோம், இல்லையென்றால் விளக்கை அணைத்துப் போடுவோம். என் பெயரே புருவத் தழும்பை விரலால் ஒருமுறை தடவும் சைகைதான். பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் வைத்தது. வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.

‘கேளார்’ வேண்டாம். கேட்டு வாங்காதவர் என்றும் அதற்குப் பொருள் வரும். இந்திய சைகை மொழிக்கு ஓர் ஆய்வு மையம் வேண்டுமென்று கேட்டுக் கேட்டுத்தான் 2015-இல் டெல்லியில் வந்தது. ஆட்சிமொழி ஆக்கச் சொல்லி இன்னும் கேட்கிறோம். நாங்கள் வாட்ஸாப்பில் எழுதுவது ‘டெஃப்’, காது கேட்கும் உங்களைச் சொல்ல ‘ஹியரிங்’. அவ்வளவுதான்.
– ர.

ர. அக்கா, நன்றி. ஆனால் பாடநூல் குழு ‘டெஃப்’பை விடாது, அடித்துவிட்டுக் ‘காதுகேளாதோர்’ என்றே போட்டுவிடும். எனவே ‘சைகையர்’ என்று வைத்து, முதல் இடத்தில் மட்டும் ‘தம்மை டெஃப் என்று அழைத்துக்கொள்வோர்’ என அடிக்குறிப்பு தருகிறேன். வாக்குக் கணக்கும் அப்படித்தான்: சைகையர் 4, டெஃப் 2, கேளார் 1.
– கு.

சரி, போடுங்கள். ஒரு சந்தேகம். என் மகளுக்கு நன்றாகக் காது கேட்கும். பேசப் பழகுமுன்பே கையால் பால் கேட்டவள். அவளும் சைகையரா? ஆம் என்றால் மூன்றாம் இயலில் நீங்கள் பிரிக்க நினைத்தது பிரியவில்லை. இல்லை என்றால் அவளிடம் நீங்களே சொல்லுங்கள்.
– ர.

கோப்பை அனுப்பிவிட்டேன் அக்கா. மெய்ப்பு வரும்போது பார்க்கலாம்.
– கு.

கிளை, கிளவி பற்றிய என் குறிப்பின் முதற்பகுதியை இணைத்திருக்கிறேன். 14 பக்கம்.
– புலவர்