ராட் பெக்ஸ்ட்ராம் ஏன் விலகினார்?

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தேசிய சைபர் பாதுகாப்பு மையத்துக்கு 2008-ல் தலைவராக வந்த ராட் பெக்ஸ்ட்ராம், ஒரு வருடத்திலேயே, 2009 மார்ச்சில் ராஜினாமா செய்துவிட்டார். நிதிப் பிரச்சினையா, இல்லை மின்னணு உளவு அமைப்பான என்எஸ்ஏவோடு மோதலா?

பதில்: இரண்டும்தான். முந்தைய ஒரு வருடத்தில் மையத்துக்குக் கிடைத்தது ஐந்து வார நிதி மட்டும் என்று ராஜினாமா கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். ஐந்து வாரம்! அதை வைத்து ஆள் எடுப்பதா, வாடகை கட்டுவதா? ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அரசு நெட்வொர்க்குகளின் பாதுகாப்பும் கண்காணிப்பும் ஒரே அமைப்பின் கைக்குப் போனால் ஜனநாயகத்துக்கு ஆபத்து என்று அதே கடிதத்தில் எச்சரித்தார். சரியான பேச்சு. மென்பொருளில் ஓட்டை தெரிந்தால் காவலாளி உடனே அடைப்பான், உளவாளிக்கோ அதை யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொள்ளத்தான் தோன்றும்.

பதில்: இது முதல் தடவையும் இல்லை. 2004 அக்டோபரில் அதே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையில் சைபர் பிரிவின் தலைவராக இருந்த அமித் யோரன், ஒரே நாள் முன்னறிவிப்பில் கிளம்பிவிட்டார். பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டு அதிகாரத்தைக் கொடுக்காவிட்டால் யார் நிற்பார்கள்?

கேள்வி கேட்டவர்: நன்றி. பெக்ஸ்ட்ராம் அப்புறம் எங்கே போனார்?

பதில்: அதே வருடம், இணைய முகவரிப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் தலைமைப் பொறுப்புக்கு, 2012 வரை.