புதுப்பிப்பு: ஐந்தாம் மாதத்தில் குழந்தையை இழந்த பிறகு தமிழில் மனநல ஆலோசனை கிடைத்தது

மூன்று மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன்: 20 வாரத்தில் குழந்தை போய்விட்டது, தூக்கமில்லை, டெட்டால் வாசனை வந்தாலே நெஞ்சு படபடக்கிறது, தமிழில் பேசி ஆலோசனை பெற எங்கே போவது என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

எனக்குக் கைகொடுத்தது 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவித் தொலைபேசி எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். இரவு இரண்டு மணிக்கு மொட்டைமாடியில் நின்று அழைத்தேன். முதல் ஐந்து நிமிடம் வெறும் அழுகைதான். அந்தப் பக்கம் அவசரப்படுத்தவே இல்லை. அவர்கள் சொன்னபடி மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். எடின்பரோ அளவுகோல் என்று மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் 10 கேள்விகள், எல்லாம் கடந்த 7 நாளைப் பற்றி. அப்புறம் ஆலோசகரோடு இதுவரை ஆறு அமர்வுகள். எனக்கு மாத்திரை தேவைப்படவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன்.

எதிர்பாராதது: குழந்தை இல்லாமலேயே பால் சுரந்தது. யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நைட்டி நனைந்த அந்தக் காலைதான் என்னை உடைத்தது. நாலாவது அமர்வுக்குக் கணவரும் வந்தார். "நீங்க எப்படி இருக்கீங்க சார்?" என்று ஆலோசகர் கேட்டதும் கர்சீப்பை எடுத்துவிட்டார். அதுவரை யாருமே அவரைக் கேட்கவில்லை, நான் உட்பட.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: கருச்சிதைவுக்கும் சட்டப்படி 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. முன்பு இது மகப்பேறு நலச் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் இருந்தது; 2025 நவம்பரிலிருந்து சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 65-ஆம் பிரிவில் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் முதலில் கையை விரித்தார்கள். மருத்துவச் சான்றோடு சட்டப் பிரிவையும் காட்டியதும் கொடுத்தார்கள்.

"சீக்கிரம் அடுத்ததுக்குப் பாரும்மா" என்று எழுதிய அக்கா கோபிக்க வேண்டாம். இப்போதைக்கு அந்தப் பேச்சு இல்லை.