கேரளாவில் 30,000, நமக்கு 1,500: இப்படி ஒப்பிடுவது சரியா?

புள்ளிக்கணக்கு (ஆகஸ்ட் 2021)
நேற்று இந்த இணைய மன்றத்தின் இன்னொரு இழையில் ஒருவர் எழுதியிருந்தார்: "கேரளாவில் ஒரே நாளில் 30,000 கொரோனா கேஸ், தமிழ்நாட்டில் 1,500தான். அவர்கள் பெருமையெல்லாம் ஓணத்தோடு போச்சு." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஜூலையில் வந்த ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நான்காவது ரத்த ஆய்வை ஒருவரும் பார்க்கவில்லையா? ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள், இருந்தவர்கள் நாடு முழுக்க 67.6 சதவீதம். மத்தியப் பிரதேசத்தில் 79, தமிழ்நாட்டில் 69.2. கேரளாவில் வெறும் 44.4. அங்கே பாதிக்கு மேற்பட்டவர்களை வைரஸ் இன்னும் தொடவே இல்லை. அவர்களிடம்தான் டெல்டா என்ற உருமாறிய வைரஸ் இப்போது பரவுகிறது. மே மாதம் நம்மிடமும் ஒரே நாளில் 36,000 தாண்டியதே, அதற்குள் மறந்துவிட்டதா?

தெற்குவாசல்
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். அந்த 44.4 எங்கே எடுத்தது? பாலக்காடு, திருச்சூர், எர்ணாகுளம். 14 மாவட்டத்தில் 3. கேஸ் குவியும் மலப்புரமே அதில் இல்லை. மூன்று மாவட்டத்து ரத்தத்தை வைத்து ஒரு மாநிலத்துக்கே ஜாதகம் எழுதுகிறீர்கள்.

புள்ளிக்கணக்கு
நமக்கும் மூன்றுதான்: சென்னை, கோவை, திருவண்ணாமலை. 69.2 மட்டும் இனிக்கிறது, 44.4 கசக்கிறதா?

மலைக்காற்று
ஒரு சந்தேகம். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கும் ஆன்டிபாடி வருமே. அப்படியானால் 44.4 என்பது "தொற்று வந்தவர்கள்" இல்லையே?

புள்ளிக்கணக்கு
அப்படியென்றால் என் வாதம் இன்னும் பலமாகிறது. தடுப்பூசியையும் சேர்த்துத்தான் 44.4! தொற்று மட்டும் என்றால் அதைவிடக் குறைவு.

தெற்குவாசல்
மறுபடியும் 44.4. சரி, பரிசோதனைக்கு வாருங்கள். இரண்டு மாநிலத்திலும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம். அங்கே நூற்றுக்கு 19 பேருக்குப் பாசிட்டிவ், இங்கே ஒன்று. 5 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் கட்டுப்பாடு என்று உலக சுகாதார நிறுவனம் போன வருஷமே சொன்னது. இதற்கும் ரத்தம் எடுக்க வேண்டுமா?

சாம்பிள்காரன்
நான் ஒரு லேபில் மூக்கில் குச்சி விடுகிறவன், அதனால் சொல்கிறேன். இங்கே எடுப்பதெல்லாம் ஆர்டிபிசிஆர், லேபில் வைரஸின் மரபணுவைத் தேடும் பரிசோதனை; அங்கே ஆன்டிஜெனும் கலந்து, அது சீக்கிரம் முடிவு தரும், ஆனால் சில தொற்றுகளைத் தவறவிடும். அதனால் இரு மாநிலங்களின் சதவீதமும் ஒரே பொருளைச் சொல்வதில்லை. இன்னொன்று, படிவத்தில் மாவட்டம் என்று ஒரு கட்டம் இருக்கும். செங்கல்பட்டில் குடியிருப்பவர் சென்னையில் வந்து பரிசோதித்துக்கொண்டு, அடையாள அட்டையிலுள்ள பழைய ஊரைச் சொல்வார். வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது யார் திருப்பிக் கேட்பது? அந்த எண் எங்கோ போய் விழும். அப்புறம் ஒரு மாவட்டத்தில் கழித்து இன்னொன்றில் சேர்ப்பார்கள். மாவட்ட வாரியாக வண்ணம் அடித்த வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கட்டம்தான் ஞாபகம் வருகிறது.

தெற்குவாசல்
ஆக, குறை எங்கள் லேபில். கேரளா மட்டும் சுத்தம்.

சாம்பிள்காரன்
நான் அப்படிச் சொல்லவில்லை, சார்.

புள்ளிக்கணக்கு
அவர் சொன்னது உங்களுக்குப் புரியாது. ஒன்றரை லட்சம், ஒன்றரை லட்சம் என்கிறீர்களே, 2011 கணக்கெடுப்பில் கேரளாவின் மக்கள்தொகை 3.34 கோடி, நமக்கு 7.21 கோடி. பாதிக்கும் குறைவான ஜனத்தில் அதே அளவு பரிசோதனை. தேடுகிறவன் கண்ணில்தான் படும்.

தெற்குவாசல்
பிப்ரவரியில் இதே இடத்தில் "இரண்டாவது அலை இந்தியாவுக்கு வராது" என்று மூன்று பக்கம் எழுதியவர் யார்? நான் அதைச் சேமித்தே வைத்திருக்கிறேன்.

புள்ளிக்கணக்கு
அன்று கையிலிருந்த கணக்கை வைத்து எழுதினேன். இன்று கையிலிருப்பது 44.4. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

மலைக்காற்று
"பாசிட்டிவ் விகிதம்" என்பதைத் "தொற்று விகிதம்" என்று எழுதாதீர்கள் என்று போன இழையிலேயே கெஞ்சினேன். பரிசோதித்தவர்களில் எத்தனை பேர் என்பது வேறு, ஊரில் எத்தனை பேர் என்பது வேறு.

தெற்குவாசல்
தமிழ் வகுப்பு தனி இழையில் நடத்துங்கள்.

மலைக்காற்று
சொல் தெரியாமல்தான் இவ்வளவு நேரம் சண்டை.

புள்ளிக்கணக்கு
சொல்லை விடுங்கள். மலப்புரம் மலப்புரம் என்றவரைக் காணோமே. 44.4 தப்பு என்றால் சரியான எண் எது? ஒன்றே ஒன்று சொல்லட்டும்.

தெற்குவாசல்
இங்கேதான் இருக்கிறேன். அந்த மூன்று மாவட்டத்தை விட்டு வெளியே வாருங்கள், பேசலாம்.