ஃபோர் வீலில் எவ்வளவு வேகம்? பழைய ஹைலக்ஸ் கையேடு இருக்கிற ஆக்கள் உதவுங்கோ

வணக்கம் உறவுகளே. மணற்காட்டுப் பக்கம் ஓடுற பழைய ஹைலக்ஸ் டபுள் கேப் ஒன்றின் டாஷ்போர்ட்டில் ஒட்ட, வேக அட்டை ஒன்று எழுதுறம். முன்சில்லை அச்சோட பூட்டுற, கையால திருப்புற லொக் ஹப் உள்ள வாகனம்.

இதுவரை எழுதினது: ஹப்பை வாகனம் நிக்கேக்க மட்டும் லொக் பண்ணவேணும், இரண்டு பக்கமும். 4L (நாலு சில்லும் இழுக்கிற மெதுவான கியர்) போடுறதும் நிப்பாட்டி, கிளச்சை முழுக்க மிதிச்சுத்தான். 4L இல மணிக்கு 40 கி.மீ.க்கு மேல வேண்டாம். அது லோ கியர், எஞ்சின் சுற்று உடன ஏறிடும். மணலில் ரயர் காற்றை 18–20 பிஎஸ்ஐக்கு இறக்கினால் 30க்குள்ள ஓடி, திருப்பத்தை அகலமாக எடுக்கவேணும். இல்லாட்டி ரயர் றிம்மை விட்டுக் கழரும்.

முக்கியமானது தார் றோட்டு. முன்சில்லையும் பின்சில்லையும் வேற வேற வேகத்தில் சுத்த விடுற நடு டிஃபரன்ஷியல் இந்த வாகனத்தில் இல்லை. வளைவில் முன்சில்லு பின்சில்லை விடக் கூடத் தூரம் ஓடும். ஃபோர் வீலில் ஓடினால், காய்ஞ்ச தாரில் சறுக்க இடமில்லாததால் முறுக்கம் ஷாஃப்ட்டில் ஏறும். ஸ்டியரிங் இறுகும், லீவர் 2Hக்கு (பின்சில்லு மட்டும் இழுக்கிற நிலை) வராது. அப்ப லீவரைப் பிடிச்சு இழுக்காமல், நேராகச் சில மீற்றர் பின்னுக்கு எடுத்தால் இளகும். பருத்தித்துறை றோட்டில் ஏற முதலே 2Hக்கு மாத்தச் சொல்லி எழுதியிருக்கிறம்.

இனித் தேவையானது: ஹப் லொக் ஆகியிருக்கேக்க, ஓடிக்கொண்டே 4H (நாலு சில்லும் இழுக்கிற சாதாரண வேக நிலை) போட கையேடு சொல்லுற உச்ச வேகம் என்ன? சிலர் 80 எண்டினம், சிலர் 40 எண்டினம். கையேடு வைச்சிருக்கிற ஆக்கள் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, வாகனத்தின் ஆண்டையும் மொடல் இலக்கத்தையும் சேர்த்துப் போடுங்கோ. ஊகம் வேண்டாம், ரைவர்மார் அதை நம்பித்தான் ஓடப்போகினம்.