இரண்டு மாடித் தெருவில் எட்டு மாடி: ஆட்சேபிப்பது சரியா?

பழையதெரு:
எங்கள் தெருவில் எல்லாமே ஓட்டு வீடுகள். மிஞ்சிப் போனால் இரண்டு மாடி. பெரும்பாலும் நூறு வருடம் தாண்டியவை. நடுவில் மூன்று வீடுகளை இடித்துவிட்டு, பூமிக்கடியில் பார்க்கிங்கோடு எட்டு மாடி கட்ட ஒரு புரொமோட்டர் அனுமதி கேட்டிருக்கிறார். நான் ஆட்சேபனை எழுதப் போகிறேன். புதுக் கட்டடமே வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று மாடி கட்டட்டும், எனக்குப் பேச்சே இல்லை. எட்டு மாடி என்றால் சுமார் 25 மீட்டர். சூரியன் 45 டிகிரியில் நிற்கும்போது நிழலும் அதே 25 மீட்டர் விழும். எங்கள் முற்றத்தில் காலை வெயில் படும் இடத்தில்தான் அம்மா நாற்காலி போட்டு உட்காருவார். அந்த இடம் மதியம் வரை இருட்டிக் கிடக்கும்.

செங்கல்:
வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த மூன்று வீட்டில் இரண்டுக்குக் கூரை விழுந்து வருடக்கணக்காகிறது. வாரிசுகள் ஆளுக்கொரு ஊரில். அப்போதெல்லாம் யாரும் பாரம்பரியம் பேசவில்லை, விற்ற பிறகு பேசுகிறோம். கல்யாணமான என் தம்பிக்கு இந்தப் பகுதியில் வாடகைக்கு ஒரு வீடு கிடைக்கவில்லை. தன் இடத்தில் எவ்வளவு கட்டுவது என்பது உரிமையாளர் பாடு இல்லையா?

சைட்காரன்:
இருபது வருடம் கட்டட வேலையில் இருப்பவன் சொல்கிறேன். உயரத்தை விடப் பள்ளம்தான் எனக்குப் பயம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர்களுக்கு அஸ்திவாரம் ஆழமாக இருக்காது. பக்கத்தில் ஆழமாகத் தோண்டி, ஊற்றுத் தண்ணீரை இரவு பகலாக மோட்டார் வைத்து இறைத்தால், அக்கம்பக்கத்து மண் இறுகி இறங்கும். சுவரும் கூடவே இறங்கும். முதலில் ஜன்னல் மூலையில் சாய்வாக ஒரு கோடு தெரியும். அப்புறம் கதவு இழுத்துப் பிடிக்கும்.

மனுவில் "தெருவின் அழகு கெடும்" என்று மட்டும் எழுதாதீர்கள், அதைச் சுலபமாகத் தள்ளிவிடுவார்கள். சாலை அகலம், பக்கவாட்டு இடைவெளி, தீயணைப்பு வண்டி திரும்ப இடம், சாக்கடையின் கொள்ளளவு, தோண்டும் ஆழம் என்று அளவோடு கேளுங்கள்.

பழையதெரு:
நன்றி சார், இதையெல்லாம் சேர்க்கிறேன்.

செங்கல், கூரை விழுந்தபோது நாங்கள் பேசாமல் இருந்தது தப்புதான். உரிமை விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் ஐம்பது மாடிக்கும் அதிகமான கோபுரம் கட்ட அதன் உரிமையாளர் கேட்டார். நகரம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-ல் நகரத்தின் பக்கமே தீர்ப்பு வந்தது. ஆனால் நகரம் அவரை வெறுங்கையோடு விடவில்லை, அங்கே கட்ட முடியாத பரப்பை அருகில் வேறு மனைகளுக்கு மாற்றிக்கொள்ள வழி வைத்தது. இங்கேயும் அப்படிக் கேட்கலாமே? லிவர்பூல் துறைமுகப் பகுதியையும் பாருங்கள். 2004-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, புதுக் கட்டடங்களால் 2021-ல் நீக்கப்பட்டது. அதை யாரும் ஒரே நாளில் கெடுக்கவில்லை. ஒவ்வொரு அனுமதியாகத்தான் போனது.

செங்கல்:
சரி, எட்டு மாடி அதிகம்தான். பள்ளம் பற்றி நான் யோசிக்கவில்லை. ஆனால் மூன்று மாடியில் யாருக்குக் கட்டுப்படியாகும்? நான்கு என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த இரண்டு இடிந்த வீட்டை அப்படியே வைத்திருக்கச் சொன்னால் போட மாட்டேன்.

சைட்காரன்:
மாடிக் கணக்கை அப்புறம் பேசுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளின் இன்றைய நிலையைப் பதிவு செய்யாமல் தோண்டக் கூடாது என்பதை முதல் நிபந்தனையாக வையுங்கள். இப்போதே இருக்கும் விரிசல்களைத் தேதியோடு படம் எடுங்கள். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் சாந்து வைத்து ஒட்டுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும்.

பழையதெரு:
வடக்குச் சுவரில் இரண்டு விரிசல் இருக்கிறது. நாளைக் காலை ஒட்டிவிடுகிறேன். செங்கல், மனுவில் நான்கு மாடி என்றே எழுதுகிறேன், வந்து கையெழுத்துப் போடுங்கள்.