புத்தகத் தூசி: எந்தத் துணி, எந்தத் தூரிகை?

“தூசியை இழுத்துப் பிடிக்கும்” என்று விற்கிற துணிகள் பலவற்றில் எண்ணெயோ மெழுகோ ஏற்றியிருப்பார்கள். மேசைக்குச் சரி. காகிதத்தில் அந்தப் பசை தங்கி, அடுத்துப் படியும் தூசியை ஒட்டவைத்துவிடும். சோதிக்க, துணியைச் சுத்தமான கண்ணாடித் துண்டில் பரப்பி, மேலே பாரம் ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் கண்ணாடி மங்கியிருந்தால் அந்தத் துணி அலமாரித் தட்டுக்குக்கூட வேண்டாம்.

*

பழைய வேட்டித் துணி நல்லதுதான், கஞ்சி போடாததாக இருந்தால். புத்தகத்தை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு (சில்வர்ஃபிஷ்) கஞ்சியின் மாவுப்பசை விருந்து. துவைக்கும்போது கண்டிஷனர் ஊற்றக் கூடாது, அதுவும் படியும். மைக்ரோஃபைபரை உலர்வாக, வழுவழுப்பான அட்டைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உரியும் தோல் அட்டையில் அதன் இழை கொக்கிபோல் மாட்டிச் செதிலைப் பெயர்க்கும். இறகுத் துடைப்பத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். தூசியை இந்தத் தட்டிலிருந்து அந்தத் தட்டுக்குக் குடிமாற்றுகிறது, அவ்வளவுதான்.

*

துணியைவிடத் தூரிகைதான் முக்கியம். ஆட்டுமுடியில் செய்த ஜப்பானிய ஹாக்கே தூரிகையில் முடியைப் பிடிக்கும் உலோகப் பட்டை இல்லை, அதனால் கீறாது. பெயிண்ட் பிரஷ்தான் கிடைக்கிறது என்றால் பட்டைமேல் பருத்தி நாடாவைச் சுற்றுங்கள். புத்தகத்தை இறுக மூடிப் பிடித்து, தாள்களின் மேல் விளிம்பில் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். பிடி தளர்ந்தால் தூசி தாள்களுக்கிடையே இறங்கிவிடும். தள்ளும் தூசியை ஹெப்பா (நுண்தூசியையும் பிடிக்கும்) வடிகட்டியுள்ள வேக்குவம் இழுக்கட்டும். உறிஞ்சு வேகத்தைக் குறைத்து, குழாய் வாயில் மஸ்லின் துணி கட்டுங்கள். பெயர்ந்த துணுக்கு அதில் தங்கும், திரும்ப ஒட்டலாம். அட்டைக்கு ஒரு தூரிகை, தாள் விளிம்புக்கு வேறொன்று.

*

புகைக்கரி படிந்த அட்டைக்கு வல்கனைஸ் செய்த (கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய) ரப்பர் ஸ்பாஞ்ச். நனைக்காமல், தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஸ்பாஞ்சின் கறுத்த முகத்தைப் பிளேடால் சீவிவிட்டால் புது முகம் வரும். பென்சில் எழுத்திலும், செம்பொடியாய் உதிரும் தோலிலும் படவே கூடாது.

*

ஓலைச்சுவடி இருந்தால் தூரிகை நரம்பின் போக்கிலேயே போகட்டும். ஈரத்துணி எழுத்துக் கீறலுக்குள் இருக்கும் கரி மையை எடுத்துவிடும். எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவிய துணி ஓலையோடு நிற்கட்டும், காகிதப் பக்கம் வரக் கூடாது.

*

பூஞ்சணம் தெரிந்தால் தூரிகையைக் கீழே வையுங்கள். பையிலிட்டுத் தனியே எடுத்துவைத்து, என்95 முகக்கவசத்தோடுதான் அடுத்த வேலை. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பதிப்புகளில் பளிச்சென்ற பச்சைத் துணி அட்டை இருந்தாலும் அப்படியே; அந்த நிறத்தில் ஆர்செனிக் நஞ்சு இருக்கலாம், தேய்த்தால் உதிரும். நைட்ரைல் கையுறை போட்டு, ஜிப் பாலித்தீன் பையில் வைத்து, வெளியே எழுதி ஒட்டிவிடுங்கள்.