நார்அட் சிரிஞ்ச் மாற்றும்போது பிபி விழுவது ஏன்? டோபமைன் ஏன் கைவிடப்பட்டது?

கேள்வி: ஐசியூவுக்குப் புதுசு

வணக்கம். பொது வார்டிலிருந்து ஐசியூவுக்கு மாற்றலாகி வந்திருக்கும் ஸ்டாஃப் நர்ஸ் நான். வார்டில் பிபி இறங்கினால் டாக்டரைக் கூப்பிடுவோம், சலைனை வேகப்படுத்துவோம். இங்கே ஒரே கட்டிலில் மூன்று சிரிஞ்ச் பம்ப் ஓடுகிறது.

நேற்று இரவு செப்சிஸ் (தொற்று உடம்பெங்கும் பாதித்த நிலை) நோயாளி ஒருவருக்கு, பிபியை ஏற்றும் நார்அட்ரினலின் (நார்அட்) சிரிஞ்ச் தீர்ந்து புதுசு மாற்றினோம். கொஞ்ச நேரத்தில் மேப் (சராசரி ரத்த அழுத்தம்) 68லிருந்து 49க்கு இறங்கிவிட்டது. அப்புறம் 95 வரை ஏறி, மெதுவாகப் பழைய நிலைக்கு வந்தது. மருந்தின் அளவை யாரும் தொடவில்லை. எதனால் இப்படி?

இன்னும் இரண்டு சந்தேகம். ஷாக் (பிபி சரிந்து உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலை) என்றால் டோபமைன் மருந்து என்றுதான் படித்தோம். இங்கே அதை யாரும் எடுப்பதே இல்லை. அப்புறம், சென்ட்ரல் லைன் (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய ரத்தக்குழாய்வரை செல்லும் குழாய்) போடும்வரை கையிலிருக்கும் கேனுலாவில் நார்அட் ஓட்டலாமா? ஒருவர் கூடவே கூடாது என்கிறார், இன்னொருவர் உடனே ஆரம்பி என்கிறார்.

பதில்: இரவு டியூட்டி அக்கா

தங்கச்சி, சிரிஞ்ச் விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன். அது முழுக்க நம் கையில் இருக்கிற வேலை.

நார்அட்ரினலின் உடம்பில் சில நிமிஷம்தான் தாங்கும். ஓட்டம் நின்றால் பிபி உடனே காட்டிக்கொடுத்துவிடும். கணக்குப் போட்டுப் பார். 50 மில்லியில் 4 மில்லிகிராம் என்றால் ஒரு மில்லிக்கு 80 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு நிமிஷத்துக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் ஓட்டினால், மணிக்கு 4.5 மில்லி. புது சிரிஞ்சைப் பம்பில் வைக்கும்போது பிஸ்டனுக்கும் பம்பின் தள்ளுகட்டைக்கும் நடுவில் துளி இடைவெளி இருக்கும். அது அரை மில்லி அளவு என்றாலே, அதை மூட பம்புக்குக் கிட்டத்தட்ட ஏழு நிமிஷம் ஆகும். அந்த ஏழு நிமிஷமும் திரையில் 4.5 என்று ஓடிக்கொண்டிருக்கும், நோயாளிக்கு மருந்து போகாது. 49 வந்தது பெரும்பாலும் இதனால்தான்.

95க்கு ஏறியது அதன் மறுபக்கம். த்ரீ-வே (லைனைத் திறந்து மூடும் திருகு) மூடியிருக்க பம்ப் ஓடினால் டியூபில் அழுத்தம் சேரும். திறந்த நொடியில் அது மொத்தமும் உள்ளே போகும். அல்லது லைனை இணைத்த பிறகு யாராவது பர்ஜ் பட்டனை (மருந்தை வேகமாகத் தள்ளி டியூபை நிரப்புவது) அழுத்தியிருப்பார்கள். அரை மில்லி என்பது 40 மைக்ரோகிராம், ஏழு நிமிஷ மருந்து ஒரே மூச்சில்.

நான் செய்வது இதுதான். பழசு தீர கால் மணி நேரம் இருக்கும்போதே புது சிரிஞ்சை இன்னொரு பம்பில் ஏற்றுவேன். நோயாளியோடு இணைக்கும் முன்பே பர்ஜ் செய்து, டியூப் நுனியில் துளி வருவதைக் கண்ணால் பார்த்துக்கொள்வேன். பிறகு இணைத்து, இரண்டையும் ஓடவிட்டு, மேப் லேசாக ஏறத் தொடங்கியதும் பழசைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவேன். கட்டாயம் பக்கத்தில் இன்னொரு ஆள் இருக்க வேண்டும். உங்கள் யூனிட்டில் எழுதிவைத்த முறை வேறாக இருந்தால் அதன்படி செய். நார்அட் ஓடும் அந்த லூமனில் (லைனின் குழாய்வழியில்) ஆன்டிபயாடிக் போடுவதோ ஃப்ளஷ் செய்வதோ எந்த யூனிட்டிலும் கூடாது; உள்ளே நிற்கும் மருந்து மொத்தமாகப் போய்விடும்.

லேபிளைப் படிக்காமல் எதையும் ஏற்றாதே. முந்தைய ஷிஃப்ட் 4 மில்லிகிராம் கலந்திருக்க, நீ 8 கலந்தால் அதே 4.5 மில்லியில் இரண்டு மடங்கு போகும். ஆம்பியூலிலும் பார்: 2 மில்லிகிராம் டார்ட்ரேட் என்று போட்டிருந்தால் அதில் நார்அட்ரினலின் 1 மில்லிகிராம்தான்.

பதில்: மயக்கவியல் மருத்துவர்

சிஸ்டர், மற்ற இரண்டுக்கும் நான் சொல்கிறேன்.

2010இல் வெளியான சோப்-2 ஆய்வில் ஷாக்கில் இருந்த 1,679 பேரில் டோபமைனையும் நார்அட்ரினலினையும் ஒப்பிட்டார்கள். இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறு டோபமைன் பெற்றவர்களில் 24 சதவீதம், நார்அட்ரினலினில் 12 சதவீதம். இதயம் பழுதடைந்து ஷாக்கானவர்களில் டோபமைன் பக்கம் இறப்பும் கூடுதலாக இருந்தது. சிறிய அளவு டோபமைன் சிறுநீரகத்தைக் காக்கும் என்ற நம்பிக்கையை 2000இல் வந்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வு ஏற்கெனவே தகர்த்திருந்தது. எனவே செப்சிஸ் ஷாக்கில் முதல் மருந்து நார்அட். அதன் அளவு நிமிஷத்துக்குக் கிலோவுக்கு 0.25 மைக்ரோகிராமைத் தாண்டி ஏறினால், வாசோபிரசின் என்ற இன்னொரு பிபி ஏற்றும் மருந்தை நிமிஷத்துக்கு 0.03 யூனிட் சேர்ப்போம். அதை நார்அட் போல ஏற்றி இறக்குவதில்லை. அதற்கும் அடங்காவிட்டால் அட்ரினலின்.

கேனுலா பற்றி: 2021 செப்சிஸ் வழிகாட்டி, சென்ட்ரல் லைனுக்காகக் காத்திருந்து மருந்தைத் தாமதிக்காமல் கைவழியே ஆரம்பிக்கச் சொல்கிறது. குறுகிய நேரத்துக்கு மட்டும், முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ உள்ள நல்ல சிரையில் (வெயின்). புறங்கை வேண்டாம். அதே கையில் பிபி கஃப் கட்டாதீர்கள். அந்த இடத்தைப் போர்வையால் மூடாமல் அடிக்கடி பாருங்கள். வெளுத்து, குளிர்ந்து, வீங்கினால் மருந்து வெளியே கசிகிறது. உடனே அந்த வழியில் நிறுத்தி, வேறு வழியில் தொடருங்கள், எங்களைக் கூப்பிடுங்கள். கேனுலாவை உருவிவிடாதீர்கள், அதன் வழியே முடிந்ததை உறிஞ்சி எடுக்க வேண்டும். சுருங்கிய ரத்தக்குழாயைத் தளர்த்தும் ஃபென்டோலமைனை 5 முதல் 10 மில்லிகிராம், 10 மில்லி சலைனில் கலந்து சுற்றிலும் போடுவோம். 12 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன்.

ஒன்றை மறக்க வேண்டாம்: எல்லா ஷாக்குக்கும் பம்ப் பதில் இல்லை. ரத்தம் போய்க்கொண்டிருப்பவருக்கு ரத்தமும், கசிவை அடைப்பதும்தான் சிகிச்சை. அனஃபைலாக்சிஸ் (கடுமையான ஒவ்வாமை) என்றால் பெரியவர்களுக்குத் தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் 0.5 மில்லிகிராம், அதுவும் உடனே.

ஐசியூவுக்குப் புதுசு

ரொம்ப நன்றி அக்கா, நன்றி டாக்டர். இன்னொன்று. இன்று அதே நோயாளிக்கு மேப் 66 நிற்கிறது, ஆனால் நாலு மணி நேரமாக யூரின் மணிக்கு 15, 20 மில்லிதான் வருகிறது. 65 வந்தால் போதும் என்றார்களே?

இரவு டியூட்டி அக்கா

முதலில் அந்த 66 நிஜமா என்று பார். ஆர்ட்டீரியல் லைன் டிரான்ஸ்டியூசர் (தமனிக் குழாயோடு இணைந்து பிபி அளக்கும் கருவி) இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே தொங்கினால் மேப்பை ஏழரை கூட்டிக் காட்டும். கட்டிலை ஏற்றி இறக்கும்போதெல்லாம் அது நழுவும். சரிசெய்து ஜீரோ போட்டுவிட்டுத் திரும்பப் பார்.

பிறகு நோயாளியைத் தொட்டுப் பார். முழங்கால் மேல் திட்டுத் திட்டாக ஊதா படர்ந்திருக்கிறதா? விரல் நுனியைப் பத்து விநாடி அழுத்தி விடு. நிறம் திரும்ப மூன்று விநாடிக்கு மேல் ஆனால் ரத்தம் சரியாகப் போகவில்லை. இதையெல்லாம் நேரத்தோடு எழுதி டாக்டரிடம் சொல்.

அவருக்கு முன்பே ரத்தக் கொதிப்பு உண்டா? 2014இல் வந்த செப்சிஸ்பாம் ஆய்வில், அப்படிப்பட்டவர்களுக்கு மேப் 80க்கு மேல் வைத்தபோது டயாலிசிஸ் தேவை குறைந்தது. ஆனால் மொத்தத்தில் இறப்பு குறையவில்லை, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஒழுங்கற்ற இதயத் துடிப்பு) கூடியது. அதனால் ஆளைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஐசியூவுக்குப் புதுசு

டிரான்ஸ்டியூசர் கட்டில் கம்பியில் கீழே நழுவித்தான் இருந்தது அக்கா. சரிசெய்ததும் மேப் 59. பல வருஷமாக பிபி மாத்திரை சாப்பிடுகிறவர் என்று அவர் மகள் சொன்னார். டாக்டரிடம் இரண்டையும் சொன்னேன். நார்அட்டை ஏற்றி, இலக்கு 75 என்று எழுதி, ஆறு மணி நேரம் யூரின் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.